பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள்

சுன்னத், குடலிறக்கம், டான்சில் என்று சிறிய ஆபரேஷனுக்காக நம் பிள்ளைகளைச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறோம். அழாமல் வரட்டும் என்று, "ஒன்றும் செய்ய மாட்டார்கள்" என்று சொல்லிவிடுகிறோம். அங்கே போனதும் உண்மை தெரிந்துவிடும். பிறகு அத்தா, அம்மா சொல்லும் எதையும் பிள்ளை நம்பாது. தருவதாகக் கூப்பிட்டுக் கொடுக்காமல் இருந்தால் அதுவும் பொய்யாகவே எழுதப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் ஒரு தாயிடம் சொன்ன செய்தி அபூதாவூதில் உள்ளது.

சின்னப் பிள்ளைக்கு முதல் நாளும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குச் சில நாள் முன்பும் சொல்லலாம்: "மருந்து கொடுத்துத் தூங்க வைப்பார்கள். விழித்ததும் கொஞ்சம் வலிக்கும். வலிக்கு மருந்து தருவார்கள். அம்மா வெளியே காத்திருப்பேன்."

மயக்க மருந்துக்கு முன் பொதுவாக உணவு, மாட்டுப்பால் 6 மணி நேரமும், தாய்ப்பால் 4 மணி நேரமும், தண்ணீர் 2 மணி நேரமும் நிறுத்தவேண்டும். உங்கள் டாக்டர் சொல்லும் நேரமே முடிவானது. மாமல்லபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது பசியில் அழுகிறதே என்று பிஸ்கட் கொடுத்துவிடாதீர்கள். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வேறு நாள் வைத்துக்கொள்ளலாம்.

மயக்கம் தெளியும்போது சில பிள்ளைகள் தாயைக்கூட அடையாளம் தெரியாமல் கத்தும். பெரும்பாலும் அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். மெல்லப் பேசி, விழாமல் பிடித்துக்கொண்டால் போதும். சில நாள் படுக்கையை நனைக்கலாம், இரவில் பயந்து எழலாம், திட்டாதீர்கள். "ஆம்பளைப் பிள்ளை அழலாமா?" என்றும் கேட்காதீர்கள். இரத்தம் நிற்காவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.