சாக்லேட் பாய்கள் எப்படி உருவாகிறார்கள்?

'இருவர்' படத்துக்கு ஆள் தேடியபோது மாதவனையும் கேமரா முன் நிறுத்திப் பார்த்தார் மணிரத்னம். தேர்வு செய்யவில்லை. அந்தப் பாத்திரத்துக்குக் கண்கள் ரொம்பச் சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரிந்ததே காரணம் என்று மாதவனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 'இருவர்' 1997இல் வந்தது. மணிரத்னமே மாதவனை நாயகனாக்கி எடுத்த 'அலைபாயுதே' 2000 ஏப்ரலில் வெளியானது. வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட அதே கண்களைப் பார்க்கத்தான் அப்போது இளம்பெண்கள் தியேட்டருக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள்.

அழகான பையன் திரைக்கு வந்தால் தானாகவே நட்சத்திரமாகிவிடுவான் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. முகத்துக்குப் பொருந்தும் வேடத்தை ஒருவர் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். அதற்கே வருடங்கள் ஆகும்.

அரவிந்த்சாமியும் மாதவனும் 1970 ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். விளம்பரப் படத்தில் மணிரத்னத்தின் கண்ணில் பட்ட அரவிந்த்சாமிக்கு 'தளபதி'யில் கலெக்டர் வேடம் கிடைத்தது. அடுத்த வருடமே 'ரோஜா'. அப்போது அவருக்கு வயது 22. 'அரவிந்த்சாமி மாதிரி மாப்பிள்ளை' என்று வீடுகளில் பேசிக்கொள்ளும் அளவுக்கு அந்த முகம் ஊரெல்லாம் பதிந்துவிட்டது. மாதவனோ இந்தித் தொலைக்காட்சித் தொடர்களில் நடித்து, சந்தனப் பவுடர் விளம்பரத்தில் தோன்றி, முப்பதை நெருங்கும்போதுதான் தமிழுக்கு வந்தார். அந்த விளம்பரத்தை எடுத்தவர் சந்தோஷ் சிவன்; 'தளபதி', 'ரோஜா', 'இருவர்' மூன்றுக்கும் ஒளிப்பதிவாளர் அவர்தான். மாதவனை மணிரத்னத்திடம் சொன்னவரும் அவரே. விளம்பரம் எடுப்பவர்களின் கண்தான் அந்தக் காலத்தில் கோடம்பாக்கத்தின் முதல் சல்லடை.

அடுத்தது, முதல் அறிமுகம். 'அலைபாயுதே'யின் தொடக்கத்தில் மாதவன் சண்டை போடுவதில்லை, பஞ்ச் வசனம் பேசுவதில்லை. பைக்கில் வருகிறார், சிரிக்கிறார், பின்னணியில் ஏ.ஆர்.ரஹ்மான் பாட்டு ஓடுகிறது. பி.சி.ஸ்ரீராமின் கேமரா அந்தச் சிரிப்பை விட்டு விலகுவதே இல்லை. பாட்டு முடிவதற்குள் இவன் நல்லவன், குறும்புக்காரன், நம்பலாம் என்று பார்ப்பவர் மனம் முடிவு கட்டிவிடுகிறது. கேசட் காலத்தில் படத்துக்கு முன்பே பாட்டு வீட்டுக்கு வந்துவிடும். முகத்தைப் பார்க்கும் முன்பே அவன்மேல் பாதிப் பிரியம் வந்திருக்கும்.

குரலைப் பற்றித்தான் நாம் பேசுவதே இல்லை. 1996இல் 'காதல் தேசம்' வந்ததும் இளைஞர்கள் சலூனுக்குப் போய் அப்பாஸ் மாதிரி முடிவெட்டச் சொன்னார்கள். கொல்கத்தாவிலிருந்து வந்த அந்தப் பையனுக்குப் படத்தில் குரல் கொடுத்தவர் விக்ரம். 'காதலன்' பிரபுதேவாவுக்கும் அவர்தான் பேசினார். திரையில் தெரிந்த முகத்துக்குக் கைதட்டல் போனது. காதலைச் சொன்ன குரலின் சொந்தக்காரர் டப்பிங் தியேட்டர் இருட்டில் நின்றுகொண்டிருந்தார்.

அந்த விக்ரமிடம் என்ன குறை? முகம் இருந்தது, குரல் இருந்தது, நடிப்பும் இருந்தது. 1990இல் 'என் காதல் கண்மணி'யில் கதாநாயகனானவர். 'மீரா'வில் அவரை இயக்கியவரே பி.சி.ஸ்ரீராம், இசை இளையராஜா. பாட்டெல்லாம் பிரபலமாயின, படம் ஓடவில்லை. 1999 டிசம்பரில் 'சேது' வரும்வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. அதிலும் மொட்டைத் தலையும் எலும்பு தெரியும் உடம்புமாக, காதல் நாயகனின் அழகையெல்லாம் அழித்துவிட்டுத்தான் ஜெயித்தார். எல்லாத் தகுதியும் இருந்தும் சரியான படம் அமையாவிட்டால் ஒன்றுமில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

கிடைத்த புகழ் நிலைப்பது தனிக் கதை. 2001இல் வந்த 'மின்னலே'யில் மாதவன், அப்பாஸ் இருவருமே இருந்தார்கள். மாதவன் அடுத்த வருடமே 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் அப்பாவாக நடித்தார். காதலன் வேடத்தைப் பிடித்துத் தொங்காத அந்தத் துணிச்சல்தான் 'இறுதிச்சுற்று', 'விக்ரம் வேதா' வரை அவரைக் கொண்டுவந்தது. அப்பாஸ் பிறகு நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கே பெட்ரோல் பங்கில் வேலை பார்த்ததை மறைக்காமல் சொன்னார். அவரைத் தோற்றவர் என்று எழுதுவது அநியாயம். இளமையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்ட சினிமா, அவருக்கு நடுவயது வேடங்களை எழுதிவைக்கவில்லை. அரவிந்த்சாமி பல வருடம் ஒதுங்கியிருந்துவிட்டுத் திரும்பினார்; 2015இல் 'தனி ஒருவன்' வில்லனாக வந்தபோதுதான் அவருக்குள் எவ்வளவு நடிப்பு இருந்தது என்பதே பலருக்குத் தெரிந்தது.

நடிக்கும் ஆசையோடு சென்னைக்குப் பஸ் ஏறும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. போட்டோ ஆல்பம் போட்டுத் தருகிறேன், வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்களிடம் வீட்டுக் காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள். அந்தக் காசில் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்து, வசனத்தைச் சொந்தக் குரலில் பேசப் பழகுங்கள்.