ஓடுது... நிக்குது... திரும்ப ஓடுது! பம்ப்செட் இன்ஜினுக்கு என்னாச்சு?

உத்திரமேரூர் பக்கம் நட்ட வயலுக்குத் தண்ணி பாய்ச்சுற நேரத்துல பெட்ரோல் இன்ஜின் திடீர்னு நின்னுடுதா? கொஞ்ச நேரம் விட்டா மறுபடி ஸ்டார்ட் ஆகுதா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் டேங்க் மூடியைப் பாருங்கள்.

மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருந்தால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்றழுத்தம் குறையும். பெட்ரோல் கீழே இறங்காது. படகு மோட்டாரும் இதனால் நடுக்கடலில் நிற்பதுண்டு.

டேங்க் பாதி இருக்கும்போது மூடியை லேசாகத் தளர்த்தி ஓட்டுங்கள். நிற்காமல் ஓடினால் கோளாறு மூடியில்தான். கழற்றி, துளையைச் சுத்தம் செய்தால் போதும்.

அப்பவும் நின்னா? எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். இன்ஜின் ஆறியதும், வாரக்கணக்கில் கிடந்த பெட்ரோலை வடித்துவிட்டுப் புதுசு ஊற்றுங்கள். பக்கத்துல பீடி, சிகரெட் கூடவே கூடாது!