இறக்கிய பிக்கப்பும் ஏமாறும் பிரேக்கும்

ஆக்சிலுக்கும் கமான் பட்டைக்கும் நடுவே இரண்டு அங்குல இரும்புக் கட்டையைச் செருகி, நீளமான யூ போல்ட் போட்டு இறுக்கினால் பிக்கப் வண்டியின் பின்பக்க உயரம் இரண்டு அங்குலம் மாறும். ஏறுமா, இறங்குமா என்பது பட்டை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பட்டை ஆக்சிலுக்கு அடியில் இருந்தால் வண்டி இறங்கும். ஆக்சிலின் மேல் இருந்தால் அதே கட்டை வண்டியைத் தூக்கிவிடும். நம் லோடு வண்டிகளில் பெரும்பாலும் பட்டை ஆக்சிலின் மேல்தான். ஆகவே இங்கே வண்டியை இறக்க நினைப்பவர்கள் வேறு வழி தேடுகிறார்கள். பட்டைகளில் ஒன்றிரண்டை உருவிவிடலாம், பட்டையின் வளைவைத் தட்டி நிமிர்த்தலாம், துணிந்தவர்கள் ஆக்சிலையே பட்டைக்கு மேலே ஏற்றிக் கட்டலாம். மூன்றுமே பட்டறையில் நடக்கக்கூடிய வேலைகள். செய்யக்கூடிய வேலைகளா என்பதுதான் விஷயம்.

சேலத்தில் புறப்படும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கோவை, பாலக்காடு, திருச்சூர், ஆலுவா தாண்டிக் களமசேரி வழியாகக் கொச்சிக்குள் நுழைகிறது. அப்பல்லோ டயர்ஸ் ஆலை, ஹெச்எம்டி, குசாட் பல்கலைக்கழகம் என்று இயந்திரத்தோடு புழங்கும் ஊர் களமசேரி. தமிழ்நாட்டுச் சரக்கோடு வரும் குட்டியானை, தோஸ்த், பொலேரோ பிக்கப் எல்லாம் இந்த வழியாகத்தான் மட்டாஞ்சேரி கடைவீதிக்கும் கொச்சியின் மற்ற சந்தைகளுக்கும் போகின்றன. இப்படிச் சில ஆண்டு உழைத்த வண்டி இரண்டாம் கைக்கு வரும்போது, வாங்குபவர் எல்லோரும் வியாபாரிகளாக இருப்பதில்லை. சொந்த உபயோகத்துக்கு, சற்று அழகு பார்த்து ஓட்ட நினைப்பவர்களும் உண்டு. அவர்களுடைய ஆசைப் பட்டியலில் புது அலாய் வீலுக்கு அடுத்தபடியாக நிற்பது வண்டியைத் தரையோடு இறக்குவது.

இந்த ஆசைக்கு வயது அதிகம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1950களின் கடைசியில், வீல் ரிம்மின் அடி விளிம்பைவிடக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் தொங்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். இறக்கிய கார்களை மடக்கத்தான் அது. ஓட்டுபவர்கள் ஹைட்ராலிக் பம்ப் பொருத்தி, போலீசைக் கண்டால் வண்டியை உயர்த்தி, போனதும் இறக்கிக்கொண்டார்கள். 1970களில் டட்சன், டொயோட்டா, இசுசூ தயாரித்து ஷெவர்லே பெயரில் விற்ற எல்யுவி என்று ஜப்பானியச் சிறு பிக்கப்கள் வந்து சேர, இந்தக் கலை கார்களிலிருந்து பிக்கப்புக்குப் பரவியது. அந்தக் கலிபோர்னியச் சட்டம் 2024 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. தாய்லாந்தில் டீசல் பிக்கப்களை இறக்கி ஓட்டுவது இன்றும் தனி உலகம். நம் இளைஞர்கள் கைபேசியில் பார்த்து மயங்குவது பெரும்பாலும் அந்தப் படங்களைத்தான்.

காரை இறக்குவதும் பிக்கப்பை இறக்குவதும் ஒன்றல்ல. காரில் எத்தனை பேர் ஏறினாலும் எடை ஒரு வரம்புக்குள்தான் கூடும். ஆனால் 2005இல் வந்த டாடா ஏஸ், அதாவது குட்டியானை, வெறும் வண்டியாகவும் ஓட வேண்டும், முக்கால் டன் ஏற்றியும் ஓட வேண்டும். ஆகவே காலியாக நிற்கும்போது ஆக்சிலுக்கும் சட்டகத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி விட்டிருப்பார்கள். பார்ப்பவருக்கு அது அசிங்கமான வெற்றிடம். உண்மையில் சரக்கு ஏறினால் பட்டை அமுங்குவதற்கு ஒதுக்கி வைத்த இடம் அது. கணக்குக்காக, முழு லோடில் பின்பக்கம் மூன்று அங்குலம் அமுங்கும், அதற்கு மேல் குழியில் விழுந்தால் அடிபடாமலிருக்க இன்னும் இரண்டு அங்குலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டியை இரண்டு அங்குலம் இறக்கிவிட்டு முழு லோடும் ஏற்றினால், முதல் குழியிலேயே ஆக்சில் பம்ப் ஸ்டாப்பில் மோதும். மோதும் ஒவ்வொரு தடவையும் அந்த அடி சட்டகத்துக்கும், பட்டையின் சென்டர் போல்ட்டுக்கும், ஏற்றிய சரக்குக்கும் போகிறது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, வண்டிக்கும் தரைக்கும் உள்ள மிகக் குறைந்த இடைவெளி இத்தனைக்கும் மாறுவதே இல்லை. ஒரே துண்டான பின் ஆக்சில் கொண்ட பிக்கப்பில் தரைக்கு மிக அருகே இருப்பது பின் ஆக்சில் ஹவுசிங்கின் வயிறு. அதன் உயரத்தைத் தீர்மானிப்பது டயர் மட்டுமே. பட்டையை எப்படி மாற்றினாலும் ஹவுசிங் இருந்த இடத்தில்தான் இருக்கும். ஏஸின் 160 மி.மீ. இடைவெளி இறக்கிய பிறகும் ஏறத்தாழ அதேதான், இந்தியச் சாலைக் காங்கிரசின் விதிப்படி கட்டிய 10 செ.மீ. உயர வேகத்தடையும் அதேதான். அதனால், ‘பார்த்தீர்களா, எங்கேயும் தட்டவில்லை’ என்று ஓட்டுபவர் நிம்மதி அடைகிறார். அவர் இழந்தது இடைவெளியை அல்ல, அசைவை. விதியை மதிக்காமல் தெருக்காரர்களே கட்டிவைக்கும் வேகத்தடைகளில் இந்த நிம்மதியும் போய்விடும் என்பது வேறு கதை.

முன்பக்கத்தின் பாடு வண்டிக்கு வண்டி மாறும். ஏஸில் முன்னாலும் பட்டைதான். மாருதி சூப்பர் கேரியில் காரைப் போல ஸ்ட்ரட்டும் காயில் ஸ்பிரிங்கும். டாடா சீனானில் டார்ஷன் பார், அதாவது முறுகும் கம்பி. டார்ஷன் பாரின் போல்ட்டைச் சில சுற்று தளர்த்தினால் வண்டி இறங்கிவிடும், எதையும் வெட்ட வேண்டாம். காயில் உள்ள வண்டியில் சிலர் ஸ்பிரிங்கின் ஒரு சுற்றை கிரைண்டரால் அறுத்துவிடுகிறார்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் கெட்டியாகும், வண்டி தூக்கிப்போடும்போது இருப்பிடத்தைவிட்டு நழுவவும் கூடும். கேஸ் கட்டரால் சூடேற்றி இறக்குவது இன்னும் மோசம், எஃகின் பதம் அங்கேயே போய்விடும். ஸ்ட்ரட்டோ டார்ஷன் பாரோ உள்ள வண்டியை எந்த வழியில் இறக்கினாலும் முன் சக்கரங்களின் கோணம் மாறும். அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் டயரின் உள்விளிம்பு சீக்கிரம் மொட்டையாகும்.

பின்பக்கத்தை மட்டும் இறக்கினால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், எதிரே வருபவர் கண் கூசும். ஜாயின்ட் ஷாஃப்ட் ஹவுசிங்கில் சேரும் கோணம் மாறி, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தரை அதிரும். இவை ஓட்டும்போதே தெரிந்துவிடும் கோளாறுகள். உண்மையான ஆபத்து, தெரியாமல் இருக்கும் பிரேக் கோளாறு.

சிறு சரக்கு வண்டிகள் பலவற்றில் பின் பிரேக்குக்குப் போகும் குழாயில் ஒரு வால்வு உண்டு. அதிலிருந்து ஒரு கம்பி பின் ஆக்சிலோடு இணைந்திருக்கும். சட்டகத்துக்கும் ஆக்சிலுக்கும் உள்ள தூரத்தை வைத்தே வண்டியில் சரக்கு இருக்கிறதா என்று அந்த வால்வு கணிக்கிறது. தூரம் குறைந்தால் சரக்கு இருக்கிறது, பின் சக்கரங்களுக்கு முழு அழுத்தம் கொடு. தூரம் அதிகமானால் காலி வண்டி, அழுத்தத்தைக் குறை. வண்டியை இறக்கிவிட்டால் வால்வு ஏமாந்துவிடுகிறது. காலி வண்டியை முழு லோடு என்று நினைத்துப் பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்கிறது. மேலே எடை இல்லாத பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளும். ஜூன் மாத மழையில், வழுக்கும் தாரில், ஏபிஎஸ் இல்லாத பழைய பிக்கப்பில் இது நடந்தால் பின்பகுதி சுழன்று முன்னே வந்துவிடும். ஓட்டுநரின் திறமைக்கு அங்கே அதிக வேலை இல்லை. வால்வின் கம்பியைப் புது உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்ய முடியும். ஆனால் அழகுக்காக இறக்கும் வேலையில் அந்தக் கம்பியை நினைவு வைத்துக்கொள்பவர் அரிது.

இனி சட்டம். இந்த விஷயத்தில் நாட்டுக்கே முன்னுதாரணமான வழக்கு கேரளத்தில் பிறந்ததுதான். தயாரிப்பாளர் தந்த அளவிலிருந்து மாறினாலும் கேரள மோட்டார் வாகன விதிகளுக்கு உட்பட்டால் போதும் என்று கேரள உயர் நீதிமன்றம் இடம் தந்திருந்தது. வட்டாரப் போக்குவரத்து அதிகாரி மேல்முறையீட்டுக்குப் போனார். எதிர்த் தரப்பு ஜெயச்சந்திரா. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுதான் மேலானது, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்றது. அதே ஆண்டு வந்த திருத்தம் 182ஏ என்ற பிரிவை மாற்றி எழுதியது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஸ்பிரிங் ஒன்று, வீல் ஒன்று, சைலன்சர் ஒன்று என்று எண்ணினால் தொகை எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

‘ஆர்சி புக்கில் வண்டியின் உயரம் எழுதியில்லையே’ என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். சட்டம் சொல்லும் மாற்றம், வண்டியின் அமைப்பில் செய்து அதன் அடிப்படைத் தன்மையையே மாற்றும் மாற்றம். ஒரு பட்டையை உருவினால் அடிப்படை மாறுமா என்று நீதிமன்றத்தில் வாதாட இடம் இருக்கலாம். ஆக்சிலை இடம் மாற்றி, அதற்கு வழிவிடச் சட்டகத்தை அரைவட்டமாக அறுத்து வெல்டிங் வைத்தவருக்கு அந்த இடமும் இல்லை. கேரளத்தில் சாலையோரச் சோதனையும் சும்மா இருக்காது. 2022 அக்டோபர் 5 இரவு வடக்கஞ்சேரியில் சுற்றுலாப் பேருந்து மோதி 9 பேர் இறந்த பிறகு மாற்றியமைத்த வண்டிகள் மீதான பிடி இறுகியது. வ்லாகர்கள் மாற்றியமைத்த வண்டிகள் குறித்து 2024இல் உயர் நீதிமன்றம் காட்டிய கடுமை அதை மேலும் இறுக்கியது. காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு நல்ல காரணம்.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். 2024 மே 28 காலை குசாட் மழைமானியில் குறுகிய நேரத்தில் 100 மி.மீ.யை நெருங்கிய மழை பதிவானது, களமசேரியின் தாழ்வான பகுதிகள் வீட்டுக்குள் தண்ணீர் வாங்கின. அப்படிப்பட்ட நாளில் ஏர் இன்டேக்கை இரண்டு அங்குலம் கீழே கொண்டுவந்தது யாருக்கும் பெருமை தராது.

இத்தனையும் சொன்ன பிறகும், பழைய பிக்கப்பை இறக்க நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. இரண்டாம் கை லோடு வண்டிகளில் பல ஏற்கெனவே தூக்கப்பட்டவை. அதிக பாரம் ஏற்ற முந்தைய உரிமையாளர் கமான் பட்டையில் ஒன்றிரண்டு பட்டைகளைக் கூடுதலாகச் சேர்த்திருப்பார். அதனால்தான் காலியாக ஓடும்போது பின்பக்கம் குதிரை போல் துள்ளுகிறது. அதுவும் மாற்றம்தான். முன்பு சொன்ன பிரேக் வால்வும் அங்கே எதிர்ப்பக்கமாக ஏமாறுகிறது. சரக்கு ஏற்றியும் பட்டை அமுங்காததால் வண்டி காலி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடுகிறது. கூடுதல் பட்டைகளை எடுத்துத் தயாரிப்பாளர் வைத்த எண்ணிக்கைக்குக் கொண்டுவந்தால் வண்டி இறங்கும், துள்ளல் குறையும், சட்டமும் நம் பக்கம் நிற்கும். ஆசைப்பட்ட அளவு இறங்காது. ஆனால் பிக்கப்புக்கு அவ்வளவு இறக்கம் போதும் என்பதே என் தீர்ப்பு.

ஆகவே பழைய பிக்கப் வாங்கப் போகிறவர் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். கமான் பட்டைகளை எண்ணி, அந்த மாடலுக்குக் கம்பெனி வைத்த எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். யூ போல்ட் புதிதாக நீண்டிருக்கிறதா, சட்டகத்தில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா, பின் பிரேக் வால்வின் கம்பி ஆக்சிலோடு ஒழுங்காக இணைந்திருக்கிறதா, அல்லது யாராவது கம்பியால் கட்டிவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மஞ்சள் போர்டு வண்டியானால் எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதற்குப் பின் ஆண்டுதோறும் எஃப்சிக்குப் போயாக வேண்டும். முந்தையவர் செய்த மாற்றத்துக்கு அப்போது பதில் சொல்ல வேண்டியவர் ஆர்சியில் பெயர் உள்ள நீங்கள்தான்.