மருந்தாளுநரும் தொடர்கல்வியும்

(மூன்றாம் ஆண்டு, வேதியியல்)

அரசு மருத்துவமனைக்குச் சென்றவர் எவரும் மருந்து கொடுக்கும் சன்னலை அறிவர். நீண்ட வரிசையில் நின்று, சீட்டை உள்ளே நீட்டி, மாத்திரைகளைப் பெற்றுக்கொண்டு, "காலையில் ஒன்று, இரவில் ஒன்று" என்ற குரலைக் கேட்டுத் திரும்பி வருகிறோம். அந்தக் குரலுக்கு உரியவரை நம்மில் பலர் இன்னும் 'கம்பவுண்டர்' என்றே அழைக்கிறோம். அவருடைய பதவிப் பெயர் மருந்தாளுநர். என் தந்தையார் அத்தகைய சன்னல் ஒன்றின் உட்புறத்தில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றி வருபவர். அவரிடம் கேட்டும், வீட்டில் கண்டும் நான் அறிந்தவற்றை இம்மலரின் வாயிலாக நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

படிப்பும் பதிவும்

நம் நாட்டில் மருந்தாளுநர் தொழிலை ஒழுங்குபடுத்துவது 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டம். பட்டயப் படிப்புப் படிப்பவர் இரண்டு ஆண்டுகள் கல்லூரியில் பயின்று, அதன்பின் 500 மணி நேரம் செய்முறைப் பயிற்சியும் பெறவேண்டும். பிறகு மாநில பார்மசி கவுன்சிலில் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். என் தந்தையார் 1994இல் இப்படித்தான் தேர்ச்சி பெற்றார். அவருடைய சான்றிதழ் இன்றும் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அச்சான்றிதழ் கூறுவது என்ன? 1994இல் அவர் இன்னின்னவற்றை அறிந்திருந்தார் என்பது மட்டுமே அல்லவா?

மாறிக்கொண்டே இருக்கும் மருந்து

மருந்துகள் அந்த ஆண்டோடு நின்றுவிடவில்லை. வயிற்றுப்போக்கின்போது நீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு–சர்க்கரைப் பொட்டலத்தையே எடுத்துக்கொள்வோம். என் தந்தையார் படித்த காலத்தில், ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் சாதாரண உப்பு 3.5 கிராமும் குளுக்கோஸ் 20 கிராமும் இருந்தன. அடர்த்தி குறைந்த கரைசலே குழந்தைகளுக்கு நல்லது, அதனால் வாந்தியும் போக்கும் குறைகின்றன, நரம்பு வழியே நீர் ஏற்றவேண்டிய தேவையும் குறைகிறது என்று பின்னர் கண்டறிந்தனர். ஆகவே 2002இல் உலகச் சுகாதார நிறுவனம் உப்பை 2.6 கிராமாகவும் குளுக்கோஸை 13.5 கிராமாகவும் குறைத்தது. கரைசலின் மொத்தச் செறிவு 311இலிருந்து 245 மில்லி ஆஸ்மோலாக இறங்கியது. வேதியியல் மாணவர்களுக்கு இக்கணக்கு புரியும். 2004இல் இதனோடு துத்தநாக மாத்திரையையும் 10 முதல் 14 நாட்கள் கொடுக்கவேண்டும் என்ற பரிந்துரை வந்தது.

குழந்தைகளின் காய்ச்சலுக்குத் தாராளமாகக் கொடுக்கப்பட்டு வந்த நிமிசுலைட் மருந்தை, 12 வயதுக்குட்பட்டோருக்குத் தரக்கூடாது என்று 2011இல் நம் அரசு தடை செய்தது. இவற்றுள் எதுவும் 1994ஆம் ஆண்டுப் பாடநூலில் இருந்திருக்க இயலாது. படித்ததையே நம்பி நிற்கும் மருந்தாளுநர் தவறு செய்பவர் அல்லர். ஆனால் அவர் அறிவு பழையதாகிவிடுகிறது.

இரண்டு சிரிஞ்சுகள்

இதை உணர்ந்தே 2015இல் வெளியான பார்மசி நடைமுறை ஒழுங்குவிதிகள், பதிவைப் புதுப்பிக்க விரும்பும் மருந்தாளுநர் ஐந்தாண்டுகளில் குறைந்தது இரண்டு புத்தொளிப் பயிற்சிகளில் கலந்துகொள்ள வேண்டும் என்று விதித்தன. ஒவ்வொன்றும் ஒரு நாளேனும் நடக்கவேண்டும். நம் பேராசிரியப் பெருமக்கள் புத்தொளிப் பயிற்சிக்குச் சென்று வருவதை நாம் அறிவோம். அதைப் போன்றதே இதுவும்.

உண்மையைச் சொல்வதானால், முதல் பயிற்சிக்குத் தந்தையார் முணுமுணுத்துக்கொண்டேதான் போனார். "கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் வாங்க ஒரு நாள் வீணாகிறதே, சன்னலில் யார் நிற்பது?" என்பது அவர் கவலை. ஆனால் அன்று வகுப்பெடுத்தவர் மேசை மீது இரண்டு இன்சுலின் சிரிஞ்சுகளை வைத்தாராம். ஒன்றின் மூடி சிவப்பு. மற்றதன் மூடி ஆரஞ்சு நிறம். சிவப்பு மூடியுள்ளது ஒரு மில்லி லிட்டரில் 40 யூனிட் உள்ள குப்பிக்கு உரியது. ஆரஞ்சு மூடியுள்ளது 100 யூனிட் உள்ள குப்பிக்கு உரியது. மாற்றிப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? நாற்பது யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை இழுத்தால், உள்ளே வருவது 8 யூனிட் மட்டுமே. எதிர்மாறாகச் செய்தால் 20க்குப் பதில் 50 யூனிட் உடலில் ஏறி, சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

தந்தையாருக்கு உடனே ஒரு மூதாட்டியின் நினைவு வந்தது. மாதந்தோறும் வந்து இன்சுலின் வாங்கிச் செல்பவர். சர்க்கரை குறையவே இல்லை என்று மருத்துவர் அளவை 20இலிருந்து 30 யூனிட்டாக உயர்த்தி எழுதியிருந்தார். அடுத்த முறை அவர் வந்தபோது தந்தையார், "பாட்டியம்மா, ஊசி போடுகிற சிரிஞ்சைக் கொஞ்சம் கொண்டுவந்து காட்டுங்கள்" என்றார். மறுநாள் முந்தானையில் முடிந்து எடுத்து வந்தார் அந்த அம்மையார். ஆரஞ்சு மூடி! வெளிக்கடையில் மகன் வாங்கித் தந்தது. முப்பது யூனிட் என்று எண்ணி அவர் போட்டுக்கொண்டது 12 யூனிட்தான்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உடனே சரியான சிரிஞ்சைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால், அன்று மாலையே அவர் உடலில் பழகிய அளவைப்போல் இரண்டரை மடங்கு மருந்து ஏறியிருக்கும். ஆகையால் தந்தையார் அவரை மருத்துவரிடமே அழைத்துச் சென்று செய்தியைச் சொன்னார். மருத்துவர் அளவைக் குறைத்து எழுதி, புதிய சிரிஞ்சுடன் தொடங்கச் செய்து, ஒரு வாரத்தில் மீண்டும் இரத்தம் பார்க்கச் சொன்னார்.

அன்றிரவு தந்தையார் சரியாக உண்ணவில்லை. "இத்தனை மாதமாகக் குப்பியை எடுத்துக் கொடுத்தவன் நான். எதைக் கொண்டு போடுகிறீர்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லையே! இதுபோல் இன்னும் எத்தனை பேரோ!" என்றார். அம்மாவும் நானும் மறுமொழி அறியாது இருந்தோம்.

எது உண்மையான தொடர்கல்வி?

அந்த ஒரு நாள் வகுப்பு ஒருவரைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் ஐந்தாண்டில் இரண்டு நாட்கள் போதுமா? போதாது என்பதே என் கருத்து. தொடர்கல்வி சன்னலருகில் எழும் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். 'எனக்குத் தெரியாதது எது' என்று எண்ணிப் பார்த்தல், அதை எவ்வாறு கற்பது எனத் திட்டமிடல், கற்றல், கற்றதால் வேலையில் என்ன மாறியது என்று சோதித்தல் என நான்கு படிகளாக இதனை வல்லுநர்கள் வகுத்துள்ளனர்.

இதை நடைமுறையில் கொண்டுவந்த நாடுகளும் உண்டு. பிரிட்டனில் 2018 முதல் மருந்தாளுநர்கள் ஆண்டுதோறும், தாம் கற்றவை பற்றி நான்கு பதிவுகளும், சக தொழிலாளர் ஒருவருடன் நடத்திய உரையாடல் பற்றி ஒரு பதிவும், தம் பணியைத் தாமே எண்ணிப் பார்த்து எழுதிய ஒரு பதிவும் அளிக்க வேண்டும். அங்கே கேட்கப்படுவது எத்தனை மணி நேரம் அமர்ந்திருந்தாய் என்பதன்று. கற்றதால் நோயாளிக்கு என்ன பயன் என்பதே.

நம் மருத்துவமனைகளில் இதற்குத் தடைகள் பல. காலை ஏழரை மணிக்கே வரிசை தொடங்கிவிடுகிறது. ஒருவர் பயிற்சிக்குச் சென்றால் அவர் வேலையை மற்றவர் சுமக்கவேண்டும். ஆகவே வாரத்தில் ஒரு நாள், கூட்டம் ஓய்ந்த பிற்பகலில், ஒரு மணி நேரம் மருந்தாளுநர்கள் கூடிப் பேசினாலே பெரும்பயன் விளையும். மருத்துவரும் செவிலியரும் உடனிருந்தால் இன்னும் நன்று. அந்நேரத்தைப் பணி நேரமாகவே கணக்கிட வேண்டும்; சொந்த நேரத்தில் படித்துக்கொள் என்பது நியாயமாகாது.

தந்தையார் இப்போது சட்டைப்பையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். பதில் தெரியாத கேள்வி வந்தால் அதில் குறித்துக்கொள்கிறார். இரவில் தேடிப் படிக்கிறார். விளங்காததை மருத்துவரிடம் கேட்கிறார். அதன் முதற் பக்கத்தில் எழுதியிருப்பது: 'சிரிஞ்சைக் காட்டச் சொல்.'

நண்பர்களே, நாமும் விரைவில் பட்டம் பெற்று வெளியேறப் போகிறோம். நம் பட்டமும் ஓர் ஆண்டின் தேதியைத் தாங்கியே வரும். அதற்குப் பின் நாம் கற்பதே நம்மை நம்பி வருவோருக்குப் பயன்படும். அடுத்த முறை மருந்துச் சன்னலில் நிற்கும்போது அவசரப்படாமல், "இதை எப்படிச் சாப்பிட வேண்டும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அக்கேள்வி உங்களுக்கு மட்டுமன்று, உள்ளே நிற்பவருக்கும் ஒரு பாடமாக அமையும்.