காது மருந்தும் கிரீன் டாக்டரும்

குழந்தைகளே, உங்கள் வீட்டில் இருக்கும் மருந்து பாட்டில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதில் எந்த மொழியில் எழுதியிருக்கிறது?

பல ஆண்டுகளுக்கு முன் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் அம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும். எனக்கோ காது வலி. இரண்டு மருந்தும் ஒரே மாதிரிக் குட்டி பாட்டில். இரண்டிலும் ஆங்கில எழுத்து. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும்.

"இதுல எதுடா என்னோட மருந்து?" என்று கேட்டார். "சாயங்காலம் வந்து சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன்.

திரும்பி வந்தால், அம்மா கண் சிவந்து, வீங்கி உட்கார்ந்திருக்கிறார். காது மருந்தைக் கண்ணில் விட்டுக்கொண்டார்! டாக்டர் கண்ணைக் கழுவி, ஒரு வாரம் வைத்தியம் பார்த்தார். நல்லவேளை, பார்வை தப்பியது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்கொடுத்த வாத்தியார், பெற்ற தாய்க்கு ஒரு வரி படித்துச் சொல்லவில்லை!

நல்ல மருந்து இருந்தால் மட்டும் போதாது. அது நோயாளிக்குப் புரிகிற மொழியில் வர வேண்டும். இதை 19ஆம் நூற்றாண்டிலேயே உணர்ந்தவர் ஒருவர் இருந்தார். அவர் தமிழர் அல்ல, அமெரிக்கர்! பெயர், சாமுவேல் பிஸ்க் கிரீன்.

1822இல் பிறந்த இவர், 1847இல் மிஷனரி மருத்துவராக இலங்கையின் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மானிப்பாயில் வைத்தியம் பார்த்தார். தமிழ் கற்றார். உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவமும் கற்றுக்கொடுத்தார்.

முதலில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. ஆனால் ஆங்கிலத்தில் படித்தவர்கள் சம்பள வேலை தேடி வெளியூர் போனார்கள். கிராமத்து நோயாளிக்கு யார் துணை? 'தமிழில் படித்தால் தமிழ் மக்களிடையே இருப்பார்கள்' என்று நினைத்தார் கிரீன். 1860களில் பாடத்தைத் தமிழுக்கு மாற்றினார்.

பாடப் புத்தகம் வேண்டுமே? மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு மொழிபெயர்க்க உட்கார்ந்தார். எலும்பு, நரம்பு, குடல் என்று நம் மொழியில் இருக்கிற சொற்களை முதலில் தேடினார். கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் தேடினார். அதிலும் இல்லையென்றால், ஆங்கிலச் சொல்லைத் தமிழ் நாக்குக்கு ஏற்றபடி மாற்றினார். வேதியியல் நூலுக்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'கெமிஸ்தம்'! கெமிஸ்ட்ரி எப்படித் தமிழாகிவிட்டது பார்த்தீர்களா? அறுவை சிகிச்சை நூல் 'இரண வைத்தியம்'. உடற்கூறு நூல் 'மனுஷ அங்காதிபாதம்'. மொத்தம் நாலாயிரம் பக்கங்களுக்கு மேல்!

இன்னொன்றும் கேளுங்கள். தம் மாணவர்கள் கோட்டு, கால்சட்டைக்கு மாறுவது அவருக்குப் பிடிக்கவில்லை. மருத்துவம் புதியதாக இருக்கலாம். மருத்துவர் நம் ஊர்க்காரராகவே இருக்க வேண்டும் என்றார். வேட்டி கட்டிய, நம் பேச்சுப் பேசுகிற டாக்டரிடம் பாட்டி தயங்காமல் வலியைச் சொல்வார் அல்லவா?

1873இல் அவர் அமெரிக்கா திரும்பினார். அங்கே போயும் தமிழ் நூல் வேலையை விடவில்லை. 1884இல் காலமானார். தமிழர்களுக்கு மருத்துவப் பணி செய்தவர் என்று அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. மானிப்பாயில் இன்றும் ஒரு மருத்துவமனை அவர் பெயரைச் சொல்கிறது.

செல்லங்களே, நீங்கள் நாலாயிரம் பக்கம் மொழிபெயர்க்க வேண்டாம். ஒரு சின்ன வேலை செய்யுங்கள். தாத்தா, பாட்டியின் மருந்துகளை எடுத்து, டாக்டர் சீட்டைப் பார்த்து, அம்மா அப்பாவுடன் சேர்ந்து, 'காலை, சாப்பிட்ட பின், ஒன்று', 'கண்ணுக்கு மட்டும்' என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். சந்தேகம் இருந்தால் மருந்துக் கடையில் கேட்டு எழுதுங்கள், ஊகிக்காதீர்கள். பாட்டிக்குப் படிக்கத் தெரியாதா? சூரியனும் நிலாவும் வரைந்துவிடுங்கள்!

முக்கியமாக, அவர்கள் "இது எதுடா?" என்று கேட்டால், "சாயங்காலம் சொல்றேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.