எழுத்தும் பொழுதும் – 9: ஐந்து, ஏழு, ஒன்பது

சென்ற வாரம் பார்த்த கல்கிக்கு வாராவாரம் கெடு இருந்தது. 1950 அக்டோபரில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' மூன்று ஆண்டுகளைத் தாண்டியும் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தது. இந்த வாரம், நாவலுக்கும் நாவலுக்கும் நடுவே வருஷக்கணக்கில் இடைவெளி விட்ட ஒருவரைப் பார்ப்போம்.

வெ. அண்ணாமலை என்ற இமையம், திட்டக்குடிப் பக்கத்துக் கழுதூர்க்காரர். 1964இல் பிறந்தவர், அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தவர், விருத்தாசலத்தில் குடியேறியவர். 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தது. பிறகு 1999இல் 'ஆறுமுகம்', 2006இல் 'செடல்', 2015இல் 'எங் கதெ'. இடைவெளி ஐந்து, ஏழு, ஒன்பது என்று கூடிக்கொண்டே போயிருக்கிறது. அந்த வருஷங்களில் பேனா ஓய்ந்துவிடவில்லை. 'மண்பாரம்', 'வீடியோ மாரியம்மன்', 'கொலைச் சேவல்' தொகுப்புகளும் 'பெத்தவன்' என்ற நெடுங்கதையும் அப்போது வந்தவைதான்.

விடியற்காலை ஐந்தரைக்கு எழுத உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொல் என்று எழுதினார் இங்கிலாந்தின் ஆன்டனி டிராலப். பல வருஷங்கள் அஞ்சல் துறை உத்தியோகத்தையும் பார்த்தபடி எழுதியவர்; மொத்தம் 47 நாவல்கள். மர்மக் கதை எழுதும் நம் கோவை ராஜேஷ்குமார் 1,500ஐத் தாண்டிவிட்டார். ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை நாள்தோறும் எழுதி, மகாபாரதத்தை மறுபடி சொல்லும் 'வெண்முரசு' வரிசையை 26 நாவல்களாக முடித்தார். ஆகவே வேகமாக எழுதினாலே தரம் போய்விடும் என்பது வெறும் பேச்சு. மர்மக் கதைக்கு முடிச்சு கையில் இருக்கிறது; பாரதத்துக்குக் கதை முன்பே இருக்கிறது.

இமையம் எடுத்துக்கொண்ட சரக்கு வேறு. 'கோவேறு கழுதைக'ளின் ஆரோக்கியம், தலித் குடியிருப்புக்குத் துணி வெளுக்கும் வண்ணாத்தி. கூலி என்று கையில் காசு வருவதில்லை. ராத்திரியில் வீடு வீடாகப் போய் எடுக்கும் சோறு, அறுவடை நாளில் களத்தில் கிடைக்கும் தானியம், அவ்வளவுதான். களத்து ஓரத்தில் நின்று அவள் கேட்கும்போது கெஞ்சலும் உரிமையும் ஒரே குரலில் வர வேண்டும். கெஞ்சல் ஒரு சொல் கூடினால் அவள் வெறும் பிச்சைக்காரியாகிவிடுவாள். உரிமை ஒரு சொல் கூடினால் மேடைப் பேச்சாகிவிடும். பொட்டுக்கட்டி விடப்பட்ட செடலின் பேச்சும் அப்படித்தான். இதைக் கற்பனை மட்டும் தந்துவிடாது. காது கேட்டிருக்க வேண்டும். எழுதிய பிறகு வெட்டவும் வேண்டும்.

வெட்டுவதற்கு அவருக்கு நல்ல துணை கிடைத்தது. 'க்ரியா' ராமகிருஷ்ணன் பிரதியை வரிவரியாகப் பார்த்த பதிப்பாளர். தற்காலத் தமிழ் அகராதியைக் கொண்டுவந்தவர், ஒரு சொல் ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்காமல் விட்டிருப்பாரா? தமிழில் இப்படியொரு எடிட்டர் அமைவது அபூர்வம்.

பிற்பாடு இமையமும் வேகம் பிடித்தார். 2018இல் 'செல்லாத பணம்', 2020இல் 'வாழ்க வாழ்க'. முன்னது தீக்காயப் பிரிவின் வாசலில் காத்துக் கிடக்கும் ஒரு குடும்பத்தின் கதை. அதற்குத்தான் சாகித்திய அகாடமி விருது. பின்னது தலைவர் கூட்டத்துக்கு வேனில் ஏற்றிக் கொண்டுபோகப்படும் பெண்களின் ஒரு நாள். ஒரு நாள் கதைக்கு அந்த வேகம் பொருந்தித்தான் வந்திருக்கிறது. ஆனாலும் ஒரு பெண்ணின் முழு ஆயுளையும் சொல்லும் 'செட'லுக்குப் பக்கத்தில் 'வாழ்க வாழ்க'வை வைக்க மனம் வரவில்லை.

இன்று வாரப் பத்திரிகையின் கெடு தளர்ந்துவிட்டது. அந்த இடத்துக்குச் சென்னைப் புத்தகக் காட்சி வந்திருக்கிறது. ஜனவரிக்குள் நாவல் வந்தாக வேண்டும் என்று டிசம்பரில் பிழைதிருத்தி, அவசர அவசரமாக அச்சுக்கு அனுப்புகிறார்கள். பதிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: அட்டைப் படத்துக்கு ஒதுக்கும் பணத்தைப் போல எடிட்டருக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். பிரதி தயாராகாவிட்டால் அடுத்த ஜனவரியில் போடுங்கள்.

(தொடரும்)