கப்பல் போய்விட்டது… குடும்பம் கரையில் நின்றது! குழந்தைகளுடன் உல்லாசக் கப்பல் ஏறுவோர் கவனிக்க

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் கெட்சிகன் என்று ஒரு துறைமுகம். 2024 ஜூலையில் 'நார்வேஜியன் என்கோர்' என்ற உல்லாசக் கப்பல் அங்கே வந்து நின்றது.

அதில் வந்த ஒரு குடும்பத்தார் 9 பேர், பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, கரையில் நடக்கும் மரம் வெட்டும் வீரர்களின் வேடிக்கைப் போட்டியைப் பார்க்கப் போனார்கள். அதற்கு டிக்கெட்டைக் கப்பல் மூலமாகத்தான் வாங்கியிருந்தார்கள்.

ஆட்டம் முடிந்து பஸ்சுக்கு வந்தார்கள். பஸ் நிறைந்துவிட்டது, அடுத்த பஸ்சில் வரலாம் என்று சொல்லப்பட்டது. அடுத்த பஸ் துறைமுகம் போய்ச் சேருவதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது!

கைக்காசைப் போட்டு விமானம் ஏறி ஊர் திரும்பினார்கள். அதோடு விட்டதா? ஏறிய கப்பலிலேயே திரும்பி வரவில்லை என்று அமெரிக்கச் சுங்க இலாகா 9 ஆயிரம் டாலர் அபராதம் கேட்டது. அப்போதைய மதிப்பில் நம் பணத்தில் சுமார் 7½ லட்சம் ரூபாய். செலவைத் திருப்பித் தருவதாகக் கப்பல் கம்பெனி பிறகு சொன்னது. ஆனால் பட்ட அலைச்சலை யார் திருப்பித் தருவது?

எங்கேயோ நடந்த கதைதானே என்று நினைக்கவேண்டாம். உல்லாசக் கப்பல் நம் பாரிமுனைப் பக்கமே வந்துவிட்டது. 2022 ஜூன் 4-ந் தேதி சென்னைத் துறைமுகத்தில் இருந்து 'எம்ப்ரஸ்' என்ற கப்பலை முதல்-அமைச்சர் கொடி அசைத்து அனுப்பி வைத்தார். 1990-ல் பிரான்சு நாட்டில் கட்டிய 11 அடுக்குக் கப்பல் அது. 2023 ஜூன் 16-ந் தேதி அதே கப்பல் யாழ்ப்பாணம் பக்கம் காங்கேசன்துறைக்கும் போனது. சிங்கப்பூருக்கு விமானத்தில் போய், அங்கே கப்பல் ஏறி பினாங்கு, புக்கெட் சுற்றி வருகிற நம் ஊர்க் குடும்பங்களும் உண்டு.

சீட்டுப் பணம் எடுத்து, பிள்ளைகளுக்குக் கடல் காட்டலாம் என்று ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் கப்பலின் பளபளப்பைப் பார்த்துப் பணம் கட்டினால் வம்பு. முதலில் பார்க்கவேண்டியது பிள்ளையின் வயது. அடுத்தது துறைமுகம். அதற்கு அடுத்தது கடிகாரம். சறுக்கு மரமும் ஐஸ்கிரீமும் எல்லாவற்றுக்கும் கடைசி.

கைக்குழந்தையும் ஓர் ஆள்தான்!

பெரும்பாலான பெரிய கம்பெனிகள் 6 மாதம் நிரம்பாத குழந்தையை ஏற்றுவதில்லை. தொடர்ந்து மூன்று நாளோ அதற்கு மேலோ கரையே பார்க்காமல் ஓடும் நெடும் பயணமாக இருந்தால் 12 மாதம் நிரம்பியிருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் தடை உண்டு. பயணம் முடிவதற்குள் 24-வது வாரம் தொடங்கிவிடும் என்றால் பொதுவாக ஏற்றமாட்டார்கள்.

மடியில்தானே உட்காரப் போகுது என்று கைக்குழந்தையைக் கணக்கில் விடமுடியாது. உயிர்காப்புப் படகில் அதற்கும் ஓர் இடம் வேண்டும். அதனால் கப்பல் கணக்கில் அதுவும் ஒரு தலை. அறையில் மூன்றாவது, நான்காவது ஆளாகத் தங்கும் குழந்தைக்குச் சில கம்பெனிகள் கட்டணம் குறைக்கும். துறைமுக வரி வேறு. 'சேவைக் கட்டணம்' என்று ஆளுக்கு நாளுக்கு இவ்வளவு என்று கேட்பதும் வேறு. குழந்தைக்கும் அது உண்டா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

'பிள்ளைகளுக்கு விளையாட்டு மன்றம் இலவசம்' என்று விளம்பரத்தில் இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால், மூன்று வயது ஆகியிருக்க வேண்டும், கழிவறைக்குத் தானாகப் போகத் தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள். இரண்டு வயசுப் பிள்ளை நம் இடுப்பில்தான். அதே மாதிரி, இடுப்புத் துணி கட்டும் பிள்ளையைப் பல கப்பல்களில் பொது நீச்சல் குளத்தில் இறக்கவே கூடாது. தனித் தண்ணீர்த் திடல் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஊர் ஒன்று, துறைமுகம் ஒன்று!

நோட்டீசில் 'பாங்காக்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ஆனால் பெரிய கப்பல் நிற்பது லேம் சபாங் துறைமுகத்தில். அங்கிருந்து பாங்காக் போக பஸ்சில் சுமார் இரண்டு மணி நேரம். திரும்பி வர இன்னொரு இரண்டு மணி நேரம். நாலு வயசுப் பிள்ளை அந்தப் பஸ்சில் என்ன பாடு படுத்தும் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும்.

'கோலாலம்பூர்' என்று போட்டால் கப்பல் நிற்பது கிள்ளான் துறைமுகம். 'ரோம்' என்றால் சிவிட்டாவெக்கியா. 'பாரிஸ்' என்றால் லெ ஹாவ்ர். அங்கிருந்து பாரிசுக்கு ஏறக்குறைய 200 கிலோ மீட்டர்! அதனால் எந்த ஊர் என்று கேட்காதீர்கள். எந்தத் துறைமுகம், அங்கிருந்து ஊருக்குள் போக எவ்வளவு நேரம் என்று கேளுங்கள்.

இதற்கு நேர்மாறு பினாங்கு. கப்பல் ஜார்ஜ் டவுன் நகரத்தை ஒட்டியே ஸ்வெட்டன்ஹாம் துறையில் நிற்கும். இறங்கி நடந்தால் கொஞ்ச நேரத்தில் 'லிட்டில் இந்தியா' வந்துவிடும். 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோவில் அங்கே குயின் தெருவில் இருக்கிறது. பிள்ளைக்கு இட்லி கிடைக்கும். அழுதால் உடனே கப்பலுக்குத் திரும்பிவிடலாம். சின்னப் பிள்ளை உள்ள குடும்பத்துக்கு ஏற்றது இப்படிப்பட்ட துறைமுகம்தான்.

புக்கெட் கதை வேறு. பதோங் கடற்கரைக்கு வரும் பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். சின்னப் படகில் மாறித்தான் கரைக்குப் போகவேண்டும். படகு ஆடும், வரிசை நீளும். மடக்க முடியாத தள்ளுவண்டி வைத்திருப்பவர் பாடு திண்டாட்டம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற காலம். அலை பெரிதாக இருந்தால் கரை இறங்குவதையே ரத்து செய்துவிடுவார்கள்.

ஒரு மணி நேரக் குழப்பம்!

இது பலருக்குத் தெரியாத விஷயம். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம். தாய்லாந்து அதற்கு ஒரு மணி நேரம் பின்னால். புக்கெட்டில் இறங்கியதும் கையில் உள்ள செல்போன் தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால் என்ன ஆகும்?

5 மணிக்குள் ஏறவேண்டும் என்று கப்பலில் சொல்லியிருப்பார்கள். போனைப் பார்த்தால் மணி 4. "இன்னும் நேரம் இருக்கு" என்று பிள்ளைக்கு இளநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். கப்பலில் மணி 5 ஆகியிருக்கும்!

இறங்கும் முன்பு கப்பல் நேரம் எது என்று கேட்டு, அதைச் சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: புறப்படும் நேரம் வேறு, ஏறவேண்டிய கடைசி நேரம் வேறு. ஏறுவது அரை மணி, ஒரு மணி முன்னதாகவே முடிந்துவிடும்.

கப்பல் பஸ்சா, தனி டாக்சியா?

கப்பல் நடத்தும் சுற்றுலாவில் விலை அதிகம். கும்பலோடு கும்பலாகப் போகவேண்டும். பிள்ளைக்குத் தூக்கம் வந்தாலும் பஸ் நிற்காது. ஆனால் பஸ் தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். இல்லையென்றால் அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பைக் கம்பெனி ஏற்கும். தனி டாக்சி மலிவு, பிள்ளை இஷ்டப்படி நிறுத்தலாம். ஆனால் தாமதமானால் கேட்க நாதி இல்லை.

2024 மார்ச்சில் ஆப்பிரிக்கா பக்கம் சாவோ தோமே தீவில் அதுதான் நடந்தது. தனியார் சுற்றுலா போன 8 பேர் நேரத்துக்கு வரவில்லை. கடலோரக் காவல் படகு அவர்களைக் கப்பல் அருகே கொண்டுபோயும் ஏற்றிக்கொள்ளவில்லை. அவர்களில் ஒரு கர்ப்பிணியும் இருந்தார். நாடு விட்டு நாடு அலைந்து, கடைசியில் செனகல் நாட்டில்தான் கப்பலைப் பிடித்தார்கள்.

கப்பல் டிக்கெட் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு இருக்கக்கூடாது என்பதற்குத்தான் அலாஸ்கா சம்பவம். பஸ்சில் இடமில்லை என்று இறக்கிவிட்டால் அங்கேயே கப்பல் ஆளைப் பிடித்து, பெயர், அறை எண் எழுதச் சொல்லவேண்டும். கையில் துறைமுக ஏஜெண்டின் போன் நம்பர் இருக்கவேண்டும். அன்றன்றைய நிகழ்ச்சித் தாளில் அது இருக்கும். பாஸ்போர்ட் நகலும் பிள்ளையின் மருந்தும் பையில் இருக்கட்டும்.

நியூசிலாந்தில் 2019 டிசம்பர் 9-ந் தேதி நடந்தது இன்னும் கொடுமை. ஒயிட் தீவு எரிமலையைப் பார்க்கப் போன இடத்தில் அது வெடித்தது. அப்போது தீவில் இருந்தவர்கள் 47 பேர். அவர்களில் 38 பேர் 'ஓவேஷன் ஆப் தி சீஸ்' கப்பலில் வந்தவர்கள். மொத்தம் 22 பேர் மாண்டார்கள். எரிமலையின் எச்சரிக்கை அளவை அதற்கு முந்தைய மாதமே உயர்த்தியிருந்தார்கள். கப்பல் விற்கும் டிக்கெட் என்பதாலேயே ஓர் இடம் பத்திரமாகிவிடாது. போகிற இடம் என்ன என்பதைத் தாயும் தகப்பனும்தான் விசாரிக்கவேண்டும்.

ஜன்னலும் குளமும்

2019 ஜூலையில் போர்ட்டோ ரிக்கோவில், துறைமுகத்தில் நின்ற கப்பலின் 11-வது தளத்தில் இருந்து 18 மாதப் பெண் குழந்தை கீழே விழுந்து இறந்தது. தாத்தா அதைத் தூக்கி ஜன்னல் அருகே நிறுத்தியிருந்தார். கண்ணாடி மூடியிருப்பதாக நினைத்தேன் என்றார். திறந்திருந்தது. வழக்கு நடந்தது. அவருக்குச் சிறை இல்லை, நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தார்கள். போன உயிர் வரவில்லை.

பால்கனி உள்ள அறை எடுத்தால் நாற்காலியைக் கைப்பிடி ஓரம் போடவே கூடாது. கதவுத் தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டுகிறதா என்று முதல் நாளே பார்க்கவேண்டும். நடமாடும் பிள்ளைக்கு பால்கனி இல்லாத அறையே நிம்மதி. கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கிடைத்தால் ஆட்டமும் குறைவு, வாந்தியும் குறைவு.

நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர் எல்லாக் கப்பலிலும் கிடையாது. ராயல் கரீபியன் கம்பெனி தன் கப்பல்களில் வைத்ததே 2017-ல்தான். பிள்ளை தண்ணீரில் மூழ்கும்போது சினிமாவில் வருவதுபோலக் கத்தாது. சத்தமில்லாமல் அடங்கிவிடும். கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் நிற்கவேண்டும், போன் இல்லாமல்!

அபாயப் பயிற்சி

2012 ஜனவரி 13-ந் தேதி இத்தாலிக் கரையோரம் 'கோஸ்டா கான்கார்டியா' கவிழ்ந்து 32 பேர் இறந்தனர். அன்று மாலை ஏறிய நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு அபாயப் பயிற்சியே நடக்கவில்லை. அதன் பிறகு உலகச் சட்டம் மாறியது. 2015 முதல், கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி நடக்கவேண்டும். பிள்ளை அழுகிறது என்று இதில் இருந்து நழுவாதீர்கள். எந்த இடத்தில் கூடவேண்டும் என்று காட்டும் பட்டையைக் குழந்தையின் கையில் கட்டுவார்கள். குழந்தை அளவு மிதவைச் சட்டை அறைக்குக் கேட்டு வாங்குங்கள்.

பணம் கட்டும் முன்…

நோட்டீசில் உள்ள துறைமுகம் கடைசியில் இல்லாமலும் போகலாம். 2022 ஜூனில் சென்னையில் இருந்து போன கப்பலுக்கு நடந்ததே சாட்சி. புதுச்சேரிக் கடலில் வந்து நின்றது. கப்பலில் சூதாட்டம் உண்டு என்று எதிர்ப்பு. கரை இறங்க அரசு அனுமதி கிடைக்கவில்லை. கம்பெனி துறைமுகத்தை மாற்றலாம், ரத்து செய்யலாம் என்று ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் படித்த பிறகே கையெழுத்துப் போடவேண்டும்.

விசா விஷயத்திலும் ஏமாறக்கூடாது. சிங்கப்பூரில் கப்பல் ஏறி வெளியே போய்த் திரும்பினால் அது இரண்டாவது நுழைவு. ஒரே தடவை நுழையும் விசா வைத்திருந்தால் சிக்கல். கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட், தனி விசா.

"எல்லாம் கப்பல்லயே இருக்கு சார், கவலையே படாதீங்க" என்பார் ஏஜெண்ட். டாக்டர் இருப்பார், ஆனால் பீஸ் தனி. குழந்தை டாக்டராக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. வெளிநாட்டு வைத்தியத்தையும் கப்பலைத் தவறவிடுவதையும் சேர்த்த இன்ஷூரன்ஸ் எடுத்துவிடுங்கள். வாந்தி பேதி பரவும் இடம் கப்பல். அதைப் பரப்பும் நோரோ கிருமிக்குக் கையில் தடவும் மருந்து அவ்வளவாகப் பலிக்காது. சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் மருந்து.

ஏஜெண்டிடம் கேட்கவேண்டிய கேள்விகள் ஐந்து. என் பிள்ளை வயசுக்கு என்ன இருக்கிறது? கப்பல் நிற்பது எந்தத் துறைமுகம்? கரையோடு நிற்குமா, படகில் மாறவேண்டுமா? கடைசியாக ஏறவேண்டியது எத்தனை மணிக்கு, எந்த ஊர் நேரப்படி? வரி, சேவைக் கட்டணம், கரைச் சுற்றுலா எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?

ஐந்துக்கும் பதிலை எழுத்தில் கொடுத்தால் பணம் கட்டலாம். வாயால் மட்டும் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். தாம்பரம் மின்சார ரயிலைத் தவறவிட்டால் பின்னாலேயே அடுத்தது வரும். கப்பலுக்குப் பின்னால் கப்பல் வராது.